ஒரு முறை அளந்தால் போதுமா? – இயற்பியல் படிப்பும் அடித்தள ஆண்டும்

மேஜை மேல் ஒரு சாய்தளம். அதில் 400 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு குறி. அந்தக் குறியிலிருந்து ஒரு சிறு பந்தை விடுகிறார்கள். பந்து உருண்டு வந்து, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுகிறது. விளிம்புக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து பந்து விழுந்த இடம்வரை அளந்தால் 436 மில்லிமீட்டர் வருகிறது. இப்போது கேள்வி: இத்துடன் நிறுத்தலாமா? இன்னும் ஒரே ஒரு முறை உருட்டிப் பார்க்க வேண்டுமா? பல முறை உருட்ட வேண்டுமா? எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏன் என்று எழுத வேண்டும்.

1990களில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க வந்த மாணவர்களிடம் கேட்கப்பட்ட வினா இது. அவர்களில் பலர் நேரடியாகப் பட்டப்படிப்பின் முதலாண்டில் சேரவில்லை. பள்ளியில் கிடைக்காமல் போனதைக் கட்டியெழுப்பிக்கொள்வதற்காக வைத்திருந்த அடித்தள வகுப்பில் சேர்ந்தவர்கள். பதில்களைப் படித்த ஆசிரியர்கள், இந்த மாணவர்களைப் பற்றி மட்டுமல்லாமல், இயற்பியல் கற்பித்தல் பற்றியே புதிதாக ஒன்றைக் கண்டுகொண்டார்கள்.

அடித்தள ஆண்டு என்றதும் பொதுவாக நம் மனதில் எழும் சித்திரம், பின்தங்கியவர்களுக்கான கூடுதல் வகுப்பு என்பதுதான். தேறாதவருக்குக் காட்டும் சலுகை, நேர்வழியில் வர முடியாதவருக்கான கொல்லைப்புற வழி என்று அதைப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்தப் பார்வை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். வழக்கமான பாடத்திட்டம் ‘இது மாணவருக்குத் தெரிந்திருக்கும்’ என்று தாண்டிப் போகும் இடங்களில் அடித்தள ஆண்டு நின்று கேட்கிறது. அப்படிக் கேட்டபோதெல்லாம், அந்த இடங்கள் மற்ற மாணவர்களுக்கும் தெளிவாக இல்லை என்பது வெளிப்பட்டிருக்கிறது.

பதினாறு வயதில் மூடும் கதவு

அடித்தள ஆண்டு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இங்கிலாந்தின் கல்வி முறையே நல்ல விளக்கம். அங்கே 16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வுகள் முடிகின்றன. அதன்பின் ஏ-லெவல் வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பாடங்களை மட்டுமே எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆழமாகப் படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற விரும்பினால், அந்த மூன்றில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும் என்பதே பொது விதி. பதினாறு வயதில் வரலாறு, உயிரியல், ஓவியம் என்று தேர்ந்தெடுத்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயதில் விண்மீன்கள்மேல் ஈடுபாடு வந்தால், அவள்முன் கதவு மூடியிருக்கும்.

அந்த வயதில் செய்யும் தேர்வு மாணவரின் சொந்த விருப்பத்தை மட்டும் பொறுத்தது என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஏ-லெவல் இயற்பியல் எழுதுவோரில் பெண்கள் கால் பங்குக்கும் குறைவு. அந்நாட்டின் இயற்பியல் கழகம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 2011இல் இருபாலரும் படிக்கும் அரசு நிதிப் பள்ளிகளில் 49 சதவீதப் பள்ளிகளிலிருந்து ஒரு பெண்கூட ஏ-லெவல் இயற்பியலுக்குப் போகவில்லை. ஏறக்குறைய பாதிப் பள்ளிகள்! இத்தனை பள்ளிகளில் ஒரே நேரத்தில் எல்லாப் பெண்களுக்கும் இயற்பியல் பிடிக்காமல் போயிருக்க வாய்ப்பில்லை. பள்ளியின் சூழல், ஆசிரியர் பற்றாக்குறை, ‘இது உனக்கான பாடம் அல்ல’ என்று சொல்லாமல் சொல்லும் பேச்சு, எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை உருவாக்கியிருக்கின்றன.

1967இல் பல்சார் விண்மீன்களைக் கண்டறிந்த ஜோஸ்லின் பெல் பர்னெல் இளம் வயதில் வட அயர்லாந்தில் பதினோரு வயதினருக்கான தேர்வில் தேறவில்லை. அவர் படித்த பள்ளியில் அறிவியல் வகுப்புக்குப் பையன்களை அனுப்பிவிட்டுப் பெண்களை வீட்டறிவியலுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் எதிர்த்த பிறகே அவருக்கு அறிவியல் வகுப்பு கிடைத்தது. 2018இல் தமக்குக் கிடைத்த பிரேக்த்ரூ பரிசுத் தொகை முழுவதையும், ஏறத்தாழ 23 லட்சம் பவுண்டை, இயற்பியலில் போதிய இடம் பெறாத பிரிவினர் முனைவர் பட்டம் படிக்க உதவித்தொகையாக அவர் கொடுத்துவிட்டார். இளம் வயதில் மூடும் கதவுகள் எவ்வளவு தவறாக மூடக்கூடும் என்பதைத் தம் வாழ்க்கையில் பார்த்தவரின் முடிவு அது.

இப்படி மூடிய கதவை மீண்டும் திறப்பதற்கு பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் கண்ட வழிகளில் ஒன்றுதான் அடித்தள ஆண்டு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு முன்னால் ஓராண்டைச் சேர்த்து நான்காண்டுப் படிப்பாக்கிவிடுகிறார்கள். ‘இயர் ஸீரோ’, அதாவது சுழிய ஆண்டு என்றும் இதைச் சொல்வதுண்டு. பட்டத்துடன் இணைந்த படிப்பு என்பதால் கட்டணத்துக்கான அரசுக் கடன் இந்த ஆண்டுக்கும் கிடைக்கும். அந்த ஆண்டில் குறித்த மதிப்பெண் பெற்றவர் தனியாக விண்ணப்பிக்காமலே முதலாண்டுக்குச் செல்கிறார். ஏ-லெவலில் இயற்பியல் எடுக்காதவர்கள், எடுத்தும் தேவையான மதிப்பெண் வராதவர்கள், வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துப் படிக்கத் திரும்புகிறவர்கள் என்று மூன்று வகை மனிதர்கள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரு முதல் ஆண்டு

அடித்தள ஆண்டு என்ற எண்ணம் தொடக்கத்தில் ‘குறையுள்ளவர்களுக்கு’ என்று பிறக்கவில்லை. 1949இல் இங்கிலாந்தின் நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. இன்றைய கீல் பல்கலைக்கழகம் அதுதான். அதன் முதல் தலைவர் லார்டு லிண்ட்சே வகுத்த திட்டப்படி பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். முதலாண்டு எல்லா மாணவருக்கும் பொதுவான அடித்தள ஆண்டு. இலக்கியம் படிக்க வந்தவரும் இயற்பியல் படிக்க வந்தவரும் ஒரே அரங்கில் அமர்ந்து வரலாற்றையும் அறிவியலையும் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த காலம் அது. தன் துறைக்கு வெளியே எதுவும் தெரியாத நிபுணர்களை மட்டும் உருவாக்கினால் போதாது என்ற எண்ணம் அந்தத் திட்டத்தின் அடியில் இருந்தது. அங்கே அடித்தளம் என்பது பள்ளத்தை நிரப்பும் மண்ணாக இல்லாமல் எல்லோருக்கும் இடும் அஸ்திவாரமாக இருந்தது.

1971இல் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதையே வேறு விதமாகச் செய்தது. சேர்வதற்கு எந்த முன்தகுதியும் வேண்டாம் என்றது. ‘எஸ்100’ என்ற அறிவியல் அடித்தளப் பாடத்துக்குச் சேர்ந்தவர்களின் வீட்டுக்கு அச்சிட்ட பாடங்களோடு, சோதனை செய்வதற்கான கருவிப் பெட்டியும் போயிற்று. அதில் கையடக்கமான ஒரு நுண்ணோக்கியும் இருந்தது. பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் சமையலறை மேஜையில் கருவிகளைப் பரப்பி வைத்து அளந்த மனிதர்கள் அறிவியல் பட்டதாரிகளானார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வர இயலாதவர்களிடம் ஆய்வுக்கூடமே போயிற்று. தகுதியைப் பார்த்துச் சேர்ப்பதற்குப் பதிலாக, சேர்த்துக்கொண்டு தகுதியை உண்டாக்குவது என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஒரு பல்பு, ஒரு மின்கலம், ஒரு கம்பி

1970களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் லில்லியன் மெக்டர்மட் என்ற ஆசிரியை ஒரு தயாரிப்பு வகுப்பை நடத்தினார். அறிவியல் துறைகளில் மிகக் குறைவாகவே இடம்பெற்றிருந்த சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து வந்தவர்களுக்கான வகுப்பு அது. அந்த அனுபவத்தை அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1980இல் கட்டுரைகளாக எழுதினார்கள். அங்கே அவருடைய சக ஆசிரியராக இருந்த ஆர்னால்டு ஆரன்ஸ் வலியுறுத்திய நெறி ஒன்று உண்டு: கருத்து முதலில் வர வேண்டும், அதன் பெயர் பிறகு வர வேண்டும். ‘மின்னோட்டம்’ என்ற சொல்லை முதல் நாளே கரும்பலகையில் எழுதி வரையறை சொல்லக் கூடாது. எந்த அனுபவத்துக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறதோ அந்த அனுபவத்தை மாணவர் கையில் முதலில் கொடுக்க வேண்டும்.

அப்படிக் கொடுத்த பொருள்கள் மிக எளியவை: ஒரு மின்கலம், ஒரு சிறு பல்பு, ஒரே ஒரு துண்டுக் கம்பி. பல்பை எரிய வை. அவ்வளவுதான் பணி. பலர் கம்பியின் ஒரு முனையை மின்கலத்தின் மேலும், மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பல்பு எரியாது. மின்கலத்துக்கு இரண்டு முனை இருப்பதுபோல் பல்புக்கும் இரண்டு தொடும் இடங்கள் இருக்கின்றன, ஒன்று அடி நுனி, இன்னொன்று பக்கவாட்டு மரை என்று கண்டுபிடிக்கும்வரை எரியாது. எரிந்த கணத்தில் ‘முழுச் சுற்று’ என்ற கருத்து பிறந்துவிடுகிறது. பெயர் அதற்குப் பிறகு போய் ஒட்டிக்கொள்கிறது.

இது வெறும் குழந்தை விளையாட்டா என்ற கேள்விக்குப் பின்னாளில் விடை கிடைத்தது. மெக்டர்மட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வினா வருகிறது. மூன்று மின்சுற்றுகள். மின்கலங்கள் எல்லாம் ஒரே மாதிரி, பல்புகளும் ஒரே மாதிரி. முதல் சுற்றில் ஒரு பல்பு. இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடரிணைப்பில். மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். ஐந்து பல்புகளையும் பிரகாசத்தின் வரிசையில் எழுத வேண்டும். கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. தனிப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சமமாக எரியும். தொடரிணைப்பில் உள்ள இரண்டும் தமக்குள் சமமாக, ஆனால் மங்கலாக எரியும். நுண்கணிதத்தோடு இயற்பியல் படிக்கும் வழக்கமான பல்கலைக்கழக வகுப்புகளில் சரியான விடை எழுதியவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம் மட்டுமே.

தவறாக எழுதியவர்களில் பலர், மின்கலம் எந்தச் சுற்றிலும் ஒரே அளவு மின்னோட்டத்தையே தரும் என்று நினைத்தார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடுவதால் அடுத்த பல்பு மங்கும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கக் கற்கும் வகுப்புகளின் நிலைமை இது. ‘தயாராக’ வந்தவர்களுக்கும் ‘தயாராகாமல்’ வந்தவர்களுக்கும் இடையே நாம் வரையும் கோடு எவ்வளவு பலவீனமானது என்பதை ஐந்து பல்புகள் காட்டிக்கொடுத்துவிட்டன. தயாராகாதவர் தமக்குத் தெரியாததைச் சொல்லிவிடுகிறார். தயாரானவர் அதே தெரியாமையைச் சூத்திரத்தால் மூடிவைத்திருக்கிறார்.

கேப் டவுன்: 436-க்கும் 426-க்கும் நடுவில்

தென்னாப்பிரிக்காவில் கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை. அதைச் சட்டம் போட்டு மூடினார்கள். 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தனியான, தரம் குறைந்த கல்வி முறையை வகுத்தது. 1959இல் வந்த இன்னொரு சட்டம், அதுவரை எல்லோரையும் சேர்த்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகங்களில் அமைச்சரின் அனுமதியின்றிக் கறுப்பினத்தவர் சேரக்கூடாது என்றது. கணிதம் உள்ளிட்ட பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் நடத்த வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து 1976இல் சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. கணக்கை எந்த மொழியில் படிப்பது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

1980களிலும் 1990களிலும் பல்கலைக்கழகக் கதவுகள் திறக்கத் தொடங்கியபோது உள்ளே வந்த மாணவர்களில் பலர் ஆய்வுக்கூடத்தையே பார்க்காதவர்கள். கோசா மொழியையோ சூலு மொழியையோ வீட்டில் பேசி வளர்ந்து, இயற்பியலை ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்தவர்கள். கேப் டவுனில் ஓர் அடித்தளப் பாடத்திட்டம் அவர்களுக்காக உருவானது. நேட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் 1991இல் அறிவியல் அடித்தளத் திட்டம் தொடங்கியது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான டயான் கிரேசன், பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, எழுதும் பழக்கம், படிக்கும் முறை, தன்னம்பிக்கை, வாழ்க்கைச் சிக்கல்களுக்கு ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்.

இந்தப் பின்னணியில்தான் கேப் டவுனைச் சேர்ந்த சாலி அல்லி, ஆண்டி பஃப்ளர் ஆகியோரும், இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரெட் லுபென், பாப் கேம்பெல் ஆகியோரும் பந்து உருட்டும் வினாத்தாளைத் தயாரித்தார்கள். முதல் உருட்டலில் 436 வந்தது. இரண்டாம் முறை அதே உயரத்திலிருந்து விட்டால் 426 வருகிறது. இப்போது என்ன செய்வீர்கள் என்பது அடுத்த வினா.

ஒரு வகைப் பதில்: இரண்டில் ஒன்று தவறு, எது சரி என்று பார்க்க இன்னொரு முறை உருட்ட வேண்டும், எந்த எண் திரும்ப வருகிறதோ அதுவே விடை. இன்னொரு வகைப் பதில்: ஒவ்வொரு முறையும் சற்று மாறித்தான் வரும், பல முறை உருட்டி, எண்கள் எங்கே குவிகின்றன, எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்க வேண்டும். முதல் வகையை ஆய்வாளர்கள் ‘புள்ளி நோக்கு’ என்றார்கள். ஒவ்வோர் அளவும் தனித்து நிற்கும் ஒரு புள்ளி, கவனமாகச் செய்தால் ஒரே அளவிலேயே உண்மையான மதிப்பு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. இரண்டாவது ‘தொகுதி நோக்கு’. எந்தத் தனி அளவும் முழு விடை அல்ல, எல்லா அளவுகளும் சேர்ந்த தொகுதிதான் ஏதோ சொல்கிறது என்ற புரிதல் அது.

இன்னொரு வினா இதைவிடக் கூர்மையானது. இரண்டு குழுக்கள் ஐந்தைந்து முறை அளந்திருக்கின்றன. முதல் குழுவுக்கு 444, 432, 424, 440, 435. இரண்டாம் குழுவுக்கு 441, 460, 410, 424, 440. இரண்டுக்கும் சராசரி 435. எந்தக் குழுவின் முடிவு மேலானது? சராசரி ஒன்றாக இருப்பதால் இரண்டும் சமம் என்று எழுதியவருக்குச் சராசரி போடத் தெரியும். ஆனால் அதை எதற்காகப் போடுகிறோம் என்பது தெரியாது. முதல் குழுவின் எண்கள் 20 மில்லிமீட்டருக்குள் அடங்குகின்றன. இரண்டாம் குழுவினுடையவை 50 மில்லிமீட்டருக்குப் பரவியிருக்கின்றன. அந்தப் பரவலைப் பார்க்கத் தெரிந்தவரே அளவீடு என்பதைப் புரிந்துகொண்டவர்.

வந்து சேர்ந்தபோது மாணவர்களில் பெரும்பாலோர் புள்ளி நோக்கில் இருந்தார்கள். இது எதிர்பார்த்ததுதான். ஆய்வாளர்களை யோசிக்க வைத்தது வகுப்பு முடிந்த பிறகு கிடைத்த பதில்கள். பல முறை அளக்க வேண்டும், சராசரி போட வேண்டும் என்று இப்போது ஏறக்குறைய எல்லோரும் எழுதினார்கள். ஆனால் காரணம் கேட்டால் பலரிடம் பழைய புள்ளி நோக்கே மாறாமல் இருந்தது. செயல் மாறியிருந்தது, எண்ணம் மாறவில்லை. சடங்கு போலச் சராசரி போடப் பழகிவிட்டார்கள்.

இங்கேதான் அடித்தள வகுப்பு ஆசிரியர்களின் நேர்மை வெளிப்படுகிறது. மாணவரைக் குறை சொல்லாமல், கற்பிக்கும் முறையையே அவர்கள் சந்தேகித்தார்கள். வழக்கமான ஆய்வுக்கூடப் பாடம், ‘உண்மையான மதிப்பு’ ஒன்று இருக்கிறது, அதிலிருந்து விலகுவது ‘பிழை’ என்று தொடங்குகிறது. அந்தத் தொடக்கமே மாணவரைப் புள்ளி நோக்குக்குத் தள்ளுகிறது. எனவே அளவீட்டின் உறுதியின்மையை வெளிப்படுத்துவது குறித்து 1993இல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறிகளைப் பின்பற்றி, நிகழ்தகவின் அடிப்படையில் ஒரு புதிய ஆய்வுக்கூடப் பாடத்தை எழுதினார்கள். அளவீடு என்பது ஒரு பொருளைப் பற்றி நம்மிடம் உள்ள அறிவை மேம்படுத்தும் செயல், அந்த அறிவு எவ்வளவு உறுதியானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அந்தப் பாடம் தொடங்கியது. பிற்பாடு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம்வரை அந்தப் பந்து வினாக்கள் பயணம் செய்தன. அடித்தள வகுப்பில் பிறந்த கேள்வி, எந்தக் குறையும் இல்லை என்று கருதப்பட்ட வழக்கமான முதலாண்டு வகுப்புகளைச் சோதிக்கும் கருவியாயிற்று.

அந்த ஓராண்டில் என்ன நடக்கிறது

அடித்தள ஆண்டின் கால அட்டவணையில் முதலிடம் கணிதத்துக்கு. இயற்கணிதம், முக்கோணவியல், திசையன்கள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், மடக்கைகள் எல்லாம் வரும். பெரும்பாலும் பட்டியலைவிட, நின்று நிதானமாகப் போகும் வேகமே முக்கியம். விகிதம் என்ற ஒன்றிலேயே பலர் தடுமாறுவார்கள். ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், கன அளவு எட்டு மடங்காகும் என்பதைச் சூத்திரத்தில் எண்ணைப் போடாமல் சொல்ல வராது. முதலாண்டு ஆசிரியருக்கு இதற்காக நின்று பேச நேரம் கிடையாது. அடித்தள ஆண்டு ஆசிரியருக்கு உண்டு.

அடுத்தது விசையியல், மின்னியல், அலைகள், வெப்பம். அதோடு வாரந்தோறும் ஆய்வுக்கூடம். அதற்கிணையாக எழுத்து. செய்த சோதனையை, அதைப் பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி முழு வாக்கியங்களில் எழுதச் சொல்கிறார்கள். கேப் டவுன் ஆசிரியர்கள் ஆய்வுக்கூட அறிக்கையையே எழுத்துப் பயிற்சிக்கான களமாக மாற்றினார்கள். தாய்மொழி அல்லாத மொழியில் படிப்பவருக்கு இது இருமடங்கு பயன். எழுத முடியாத இடத்தில்தான் புரியாத இடம் ஒளிந்திருக்கிறது என்பது எழுதும்போதே தெரியவரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆண்டு தருவது, கேட்பதற்கான துணிச்சல். வகுப்பில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியாது என்பது வெளிப்படையாக இருக்கும்போது கை தூக்கக் கூச்சம் இருக்காது.

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். அடித்தள ஆண்டில் சிறப்பாகச் செய்தவர்கள், அதை முடித்து நானூறு பேர் உட்காரும் முதலாண்டு அரங்குக்குப் போனதும் சறுக்கக்கூடும். சிறு வகுப்பு, நின்று பேசும் ஆசிரியர், எழுதித் திருத்திக் கற்கும் வாய்ப்பு எல்லாம் திடீரென்று நின்றுவிடுகின்றன. ஓராண்டு தனியாகக் கட்டிய பாலம் மறுகரையின் சேற்றில் போய் முடிந்தால் பயன் குறைவு. பட்டப்படிப்பையே மாற்றாமல் அதற்கு முன்னால் ஓராண்டை ஒட்டவைப்பது பாதி வேலைதான்.

செலவும் கணக்கும்

பட்டப்படிப்பையே மாற்ற வேண்டும் என்ற இந்த உண்மையைத் தென்னாப்பிரிக்கா அரசு மட்டத்திலேயே விவாதித்தது. 2004 முதல் அடித்தளப் பாடங்களுக்கு அரசு தனி நிதி ஒதுக்கி வந்தது. 2013இல் நஜாபுலோ ந்தெபெலே தலைமையிலான குழு, உயர்கல்வி மன்றத்துக்காக ஓர் அறிக்கை அளித்தது. அது தந்த எண்கள் கடுமையானவை. வகுப்புக்கு வந்து படிக்கும் பல்கலைக்கழகங்களில் நால்வரில் ஒருவரே உரிய காலத்தில் பட்டம் பெற்றார். சேர்ந்தவர்களில் 55 சதவீதம் பேர் ஒருபோதும் பட்டம் பெறப்போவதில்லை என்று அறிக்கை மதிப்பிட்டது. பெரும்பான்மையோர் தவறும் ஒரு படிப்பில் தவறு மாணவரிடம் இருக்க முடியாது என்று குழு கருதியது. எனவே மூன்றாண்டுப் பட்டத்தை நான்காண்டாக்கி, அடித்தளத்தை எல்லோருக்கும் உரிய பாடத்தின் உள்ளேயே வைக்க வேண்டும், தயாராக வந்தவர்கள் மூன்றாண்டிலேயே முடிக்கட்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை.

இங்கிலாந்திலும் பணமே தடையாக நின்றது. 2019 மே மாதம் வெளியான, அரசு அமைத்த ஆகர் குழுவின் அறிக்கை, பட்டத்துடன் இணைந்த அடித்தள ஆண்டுகளுக்கான கடன் உதவியை நிறுத்தலாம் என்றது. இதைவிடக் குறைந்த செலவில் தயாரிப்புப் படிப்புகள் கிடைக்கும்போது மாணவர் மேல் ஓராண்டுக் கடனைச் சுமத்துவது ஏன் என்பது அதன் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. முழுத் தடை வரவில்லை. 2025–26 கல்வியாண்டிலிருந்து வகுப்பறைப் பாடங்களுக்கான அடித்தள ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 5,760 பவுண்டாகக் குறைந்தது. ஆய்வுக்கூடம் தேவைப்படும் இயற்பியல் போன்றவற்றுக்கு வழக்கமான உச்சவரம்பே, அதாவது அந்தக் கல்வியாண்டில் 9,535 பவுண்டு, நீடித்தது. ஆக, வசதி குறைந்த வீட்டுப் பெண் இயற்பியலாளராக விரும்பினால், வசதியான பள்ளியில் படித்தவரைவிட ஓராண்டுக் கட்டணம் கூடுதலாகக் கடன் சுமக்க வேண்டும். கதவு திறந்திருக்கிறது, நுழைவுச்சீட்டின் விலைதான் இரண்டு பேருக்கும் வேறு வேறு.

தராசின் பிழை

பள்ளிக்கும் பட்டத்துக்கும் நடுவில் ஓராண்டு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன், பள்ளி இறுதித் தேர்வு முடித்தவர்கள் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. படித்தார்கள். தமிழில் இயற்பியல் படித்த பையன், அந்த ஆண்டில்தான் முதன்முதலாக ‘வெலாசிட்டி’, ‘மொமென்டம்’ என்ற சொற்களைக் கேட்டான். ஆனால் அந்த ஆண்டு பாலமாக இருந்ததைவிடச் சல்லடையாகவே அதிகம் இருந்தது. அதில் தவறியவர்கள் பலர் அத்துடன் படிப்பையே விட்டார்கள். ஓராண்டு இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆண்டு யாரை வெளியேற்றலாம் என்று பார்க்கிறதா, யாரை உள்ளே கொண்டுவரலாம் என்று பார்க்கிறதா என்பதே கேள்வி.

புள்ளி நோக்கும் நமக்கு மிகப் பழக்கமானது. தனி ஊசலை ஆட்டி, நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு, ரெக்கார்டு நோட்டில் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கலாம். வர வேண்டிய விடை நமக்கு முன்பே தெரியும். அதற்கு ஒத்துவராத எண்ணை அழித்து, ஒத்துவரும் எண்ணை எழுதியவர்கள் எத்தனை பேர்! அழித்த அந்த எண்ணில்தான் உண்மையான சோதனை இருந்தது. அதைப் பற்றிப் பேச எந்த வகுப்பிலும் நேரம் ஒதுக்கவில்லை.

ஒரு மாணவரின் பள்ளி இறுதி மதிப்பெண்ணும் ஓர் அளவீடுதான். ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு முறை எடுத்த அளவீடு. அதை அவருடைய உண்மையான மதிப்பு என்று எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கவோ மூடவோ செய்வது முழுக்க முழுக்கப் புள்ளி நோக்கு. 436 வந்தவரைச் சேர்த்துக்கொண்டு 426 வந்தவரைத் திருப்பி அனுப்புகிறோம், பந்து ஒன்றே என்பதை மறந்துவிடுகிறோம்.

மறுபடி தேர்வு வைத்தால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் போதாது. இதற்கான விடை பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடத்திலேயே இருக்கிறது. பல முறை அளந்து சராசரி எடுத்தால் குறைவது ஒழுங்கற்ற பிழை மட்டுமே. கருவியிலேயே இருக்கும் முறையான பிழை அப்படிக் குறையாது. தட்டு சாய்ந்த தராசில் பத்து முறை நிறுத்தாலும் பத்து முறையும் அதே பக்கம்தான் தவறு வரும். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளி, இயற்பியல் ஆசிரியர் இல்லாத ஆண்டு, வேறு மொழியில் திடீரென்று வந்த பாடப்புத்தகம், ‘பெண்ணுக்கு எதற்கு’ என்ற வீட்டுப் பேச்சு, இவையெல்லாம் தராசின் சாய்வு. அந்தத் தராசிலேயே மீண்டும் நிறுப்பதால் பயனில்லை. முதலில் தட்டைச் சமப்படுத்த வேண்டும், பிறகு நிறுக்க வேண்டும்.

அடித்தள ஆண்டு செய்வது அந்தச் சமப்படுத்தல். கருவியைச் சரிபார்க்காமல் எடுத்த அளவை எந்த இயற்பியலாளரும் ஏற்பதில்லை. தன் வாசலுக்கு வரும் மாணவரை அளக்கும்போதும் இயற்பியல் துறை அந்த நெறியையே கடைப்பிடிக்க வேண்டும்.